அம்மை இறங்கிய வீடு

20 அக்டோபர் 1995, வெள்ளி – கொலோன்

தேவாலயக் கோபுரத்தின் உச்சி வரை ஏறினேன். இறங்கும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கின. ஆற்றங்கரையில் உட்கார்ந்து ரொட்டியும் ஆப்பிளும் தின்றேன். முப்பத்தாறு வயதில் முதல் முறையாக, யாரையும் கேட்காமல் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் ஓர் ஊரைப் பார்க்கிறேன்.

டார்ம்ஸ்டாட் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் விடுமுறை. காகித ஆலையிலிருந்து என்னை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது ஆபீசில் எல்லாரும், "மேடம், நாலு போட்டோவாவது எடுத்துட்டு வாங்க" என்றார்கள். கேமரா இல்லை. அதற்குப் பதிலாக இந்த எழுத்து. ஞாயிற்றுக்கிழமை ஹாம்பர்க் போய்த் துறைமுகம் பார்க்க வேண்டும்.

லேசாகத் தலைவலி. காற்று அப்படி.

21 அக்டோபர், சனி

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. கோபுரம் ஏறிய பலன். மாத்திரை போட்டுவிட்டேன்.

22 அக்டோபர், ஞாயிறு – டோர்ட்மண்ட்

ஹாம்பர்க் போய்ச் சேரவில்லை. ரயிலில் எதிரே இருந்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்குப் பல் கிட்டுகிறது. அடுத்து எந்த ஊர் வந்தாலும் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வந்தது டோர்ட்மண்ட்.

நடைமேடையில் ஒரு குடும்பம் தமிழ் பேசிக்கொண்டு போனது. இலங்கைத் தமிழ். "கெதியா வாங்கோ, பஸ் போயிடும்" என்று ஒரு பெண்குரல். காய்ச்சலோடு தனியாக நிற்கிறவள் ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

ஏன் என்று தெரியும். தம்பி கதிரேசன் போய் ஆறு வருடம் ஆகிறது. ராணுவத்தில் லாரி ஓட்டினான். இலங்கைக்கு அனுப்பினார்கள். மன்னார்ப் பக்கம் ஒரு சாலையில் கண்ணிவெடி. கோவில்பட்டிக்கு வந்தது சாம்பல்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இலங்கை என்ற சொல்லே கிடையாது. வானொலியில் அந்தச் செய்தி ஆரம்பித்தால் அம்மா எழுந்து போய் அணைத்துவிடுவாள். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னத் தங்கும் விடுதி. வீட்டுக்கார அம்மாள் கேட்காமலே இன்னொரு போர்வை தந்தாள்.

23 அக்டோபர், திங்கள்

இன்றைக்குத் தீபாவளி. முகம் கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால் நெற்றி, கழுத்து, காதோரம் எல்லாம் நீர்க்கொப்புளம். அம்மை!

டார்ம்ஸ்டாட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக் குழந்தைக்குப் போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தது. "உனக்குத்தான் சின்னதுலயே போட்டு முடிஞ்சுதே" என்று அம்மா எப்போதோ சொன்னதை நம்பி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்புத்தகமெல்லாம் காட்டினேன். அம்மா தம்பிக்கு வந்ததை எனக்கு வந்ததாக நினைத்திருக்கிறாள். சரி, இந்தத் தீபாவளிக்கு இதுதான் புதுச்சட்டை.

விடுதியம்மாள் வழிகாட்டிய டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் வெளி நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஜெர்மன் அதைவிடக் கொஞ்சம். அப்போது உள்ளேயிருந்து பள்ளிப்பை மாட்டிய ஒரு சிறுமியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் என் பொட்டைப் பார்த்தாள்.

"நீங்கள் தமிழோ அக்கா?"

"ஆமா." இல்லை என்று சொல்லத் தோன்றுவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் பெயர் கொறற்றி. என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவளாக இருப்பாள். மகள் லவினியா. மகளுக்கு இருமல் மருந்து வாங்க வந்தவள், எனக்காகத் திரும்பவும் டாக்டரிடம் வந்தாள். டாக்டர் நெடுநேரம் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "கொப்புளிப்பானாம்" என்றாள்.

"என்னதுங்க?"

"கொப்புளிப்பான். அம்மாள் வருத்தம். இந்தியாவிலை என்னெண்டு சொல்லுவியள்?"

"அம்மை." நோயை அவர்கள் வருத்தம் என்பார்கள் போலிருக்கிறது.

"அதுதான். காயுமட்டும் ரயிலிலை ஏறக் கூடாதாம். பெரிய ஆக்களுக்கு வந்தால் கொஞ்சம் கடுமையாம். மூச்சு முட்டினால் உடனை ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்."

விடுதி வரைக்கும் கூடவே வந்தாள். அங்கே வீட்டுக்கார அம்மாள் விஷயத்தைக் கேட்டதும் கையைப் பிசைந்தாள். மாடியில் அவள் மகள் பிள்ளைத்தாய்ச்சி. இங்கே தங்க முடியாது என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அவளை என்ன குறை சொல்ல? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கே போவது?

கொறற்றி என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "எங்கட வீட்டை வாங்கோ."

"ஐயோ, குழந்தை இருக்கிற வீடு—"

"இவளுக்குப் போன வருசமே வந்து போட்டுது. எங்கள் எல்லாருக்கும் சின்னனிலையே வந்தது. எங்களை அது ஒண்டும் செய்யாது."

"என்னை யாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"உங்களைத் தெரியாட்டி என்ன அக்கா, வருத்தத்தைத் தெரியுந்தானே."

இப்போது அவர்கள் வீட்டு அறை ஒன்றில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மூன்றாவது மாடி. அவள் கணவர் ராசன், ஒரு கிடங்கில் வேலை. வந்ததும் வாசலில் நின்றே, "வாங்கோ, இருங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றார். இந்த அறை அவருடைய தங்கை மக்டலீனுடையது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்தவள், விஷயத்தைக் கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறை சோபாவுக்குப் போய்விட்டாள். விருப்பமில்லையோ?

கட்டிலுக்கு மேலே மாதா படம். யார் என்று லவினியாவிடம் கேட்டேன்.

"அது மடு மாதா. மன்னாரிலை இருக்கிறா. அப்பாவும் மக்டலீன் மாமியும் மன்னார்."

அந்த ஊர்ப் பெயரை என் எதிரில் ஆறு வருடமாக யாரும் சொன்னதில்லை.

25 அக்டோபர்

எழுத முடியவில்லை. கண் திறந்தால் எரிகிறது. நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருமுறை கொறற்றி. மற்ற நேரமெல்லாம் மக்டலீன் என்று நினைக்கிறேன்.

27 அக்டோபர், வெள்ளி

காய்ச்சல் விட்டது. அரிப்பு ஆரம்பித்திருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு ராசன் போன் செய்து விடுமுறையை நீட்டச் சொல்லிவிட்டார்.

நேற்று நான் வேப்பிலை வேப்பிலை என்று அனத்தினேனாம். இந்தக் குளிர்தேசத்தில் வேப்பிலைக்கு எங்கே போவது? கொறற்றி கீழ்மாடிக் கமலநாயகி அக்காவைக் கேட்டிருக்கிறாள். அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர்கள். கொழும்பிலிருந்து யாரோ கொண்டு வந்த காய்ந்த வேப்பிலை ஒரு பொட்டலம் சாமி அறையில் வைத்திருந்தார்களாம். அதை அப்படியே தந்துவிட்டு, மேலே வரவும் முடியாமல் — அவர்களுக்கு இன்னும் வரவில்லையாம் — மாடிப்படியில் நின்றே, "அம்மாளாச்சி குளிர்ந்து போவா தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதை" என்று எனக்குச் சத்தம் கொடுத்தார்கள். மடு மாதா படத்துக்குக் கீழே, தலைமாட்டில் வேப்பிலையைத் தூவிவிட்டு, கொறற்றி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

"சிரிக்காதேங்கோ. ரெண்டு பேரும் பொம்பிளையள்தானே, தங்களுக்கை கதைச்சு ஏதும் செய்வினம்" என்றாள்.

டாக்டர் கொடுத்த வெள்ளை மருந்தைப் பூசும் வேலை லவினியாவுடையது. தன்னுடைய வர்ணத் தூரிகையால் முதுகில் ஒவ்வொரு பொட்டாக வைக்கிறாள். "அன்ரி, நீங்கள் ஏன் ஓம் எண்டு சொல்லாமல் ஆமா எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் 'ஓம்' கோயிலில் மட்டும்தான் என்றேன். "அப்ப நாங்கள் ஒரு நாளைக்கு எத்தினை தரம் சாமி கும்பிடுறம்!" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

மத்தியானம் குழைந்த சோறும் உறைப்பில்லாத சொதியும். தேங்காய்ப்பால் வாசனை தொண்டைக்கு இதமாக இருந்தது. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கொறற்றி கேட்டாள், "உங்களுக்குச் சகோதரங்கள் எத்தினை பேர் அக்கா?"

"தம்பி ஒருத்தன் இருந்தான். லாரி ஓட்டிக்கிட்டுப் போகும்போது இறந்துட்டான்."

"ஐயோ, விபத்தோ?"

"ஆமா."

பொய் இல்லை. ஆனால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

28 அக்டோபர், சனி

மக்டலீன் என்னுடன் பேசுவதே இல்லை. வேலைக்குப் போகுமுன் வந்து காய்ச்சல் பார்க்கிறாள், போர்வை மாற்றுகிறாள், நகத்தை வெட்டிவிட்டாள், சொறிந்தால் வடு விழும் என்று. எல்லாம் முறையாகச் செய்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை. அக்கா என்றும் சொல்வதில்லை.

இன்று கொறற்றியிடம் கேட்டேவிட்டேன். "நான் வந்தது அவங்களுக்குச் சங்கடமா இருக்கா?"

"அவள் அப்பிடித்தான் அக்கா. எங்களோடையும் கதை குறைவு." கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மன்னாருக்குப் பக்கத்திலை பேசாலையிலை அவளுக்குக் கலியாணம் பேசி வச்சிருந்தது. பேனாட் எண்டு நல்ல பெடியன். எண்பத்தெட்டிலை ஒரு நாள் சந்தைக்கெண்டு போனவர், வரேல்லை. ஆர் பிடிச்சது, என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. இந்தியன் ஆமி நிண்ட காலம். இயக்கங்களும் நிண்டது. இவள் ஒரு இடம் விடாமல் ஒவ்வொரு காம்ப் வாசலிலையும் போய் நிண்டு கேட்டவள். ரெண்டு வருசமாக் கேட்டுத் திரிஞ்சாள். பிறகுதான் இவர் இஞ்சை கூப்பிட்டவர்."

எண்பத்தெட்டு. கதிரேசன் அந்த வருடம் அங்கேதான் இருந்தான். பொங்கலுக்கு வந்தபோது, "அங்க எல்லாரும் நம்மள மாதிரியேதான்க்கா பேசுறாங்க, கொஞ்சம் பாட்டு மாதிரி இருக்கும்" என்றான். அவள் போய் நின்ற வாசல்களில் ஒன்றில் அவன் நின்றிருப்பானா? அவளைப் போ என்று சொல்லியிருப்பானா? அவன் அப்படிச் சொல்கிறவன் இல்லை. ஆனால் சீருடை போட்ட பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய கட்டிலில் படுத்திருக்கிறேன். அவளுடைய போர்வை. இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

29 அக்டோபர், ஞாயிறு

அவர்கள் எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். வீடு முழுக்க என்னை நம்பி விட்டுவிட்டு.

31 அக்டோபர், செவ்வாய்

நேற்று முதல் இந்த வீடு வீடாக இல்லை. யாழ்ப்பாணத்தை நோக்கி ராணுவம் வருகிறது என்று, பட்டணம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பிவிட்டதாம். லட்சக்கணக்கான சனம், மழையில், ஒரே சாலையில். லண்டன் வானொலியில் சொன்னார்கள். கொறற்றியின் அம்மாவும் அண்ணன் யோசப்பின் குடும்பமும் யாழ்ப்பாணம் பாசையூரில் இருந்தவர்கள். அம்மாவுக்குக் கால் வாதம். நடக்க முடியாதாம்.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து, பாரிசிலிருந்து, கனடாவிலிருந்து. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஏதும் தெரியுமோ? யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கமலநாயகி அக்கா படியில் நின்று அழுதார்கள். இவர்கள் மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள்.

கொறற்றி அழவில்லை. சமையலறையில் நின்று எனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய், "கொறற்றி, நான் கிளம்புறேன். கொப்புளமெல்லாம் காஞ்சு போச்சு. டாக்டரும் இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு இருக்கிற கஷ்டத்துல எனக்கு வேற வேலை பார்த்துக்கிட்டு..." என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எங்கை போகப் போறியள், நிக்கவே ஏலாமல் சுவரைப் பிடிச்சுக்கொண்டு?"

"எப்படியாவது—"

"போகாதேங்கோ அக்கா. நான் என்ன செய்யிறது இஞ்சை நிண்டு? அவவைத் தூக்கிக்கொண்டு ஓடவும் ஏலாது, ஒரு வாய் தண்ணி குடுக்கவும் ஏலாது. உங்களுக்கு எண்டாலும் ஏதாவது வச்சுத் தந்தால்தான் எனக்கு நிக்க ஏலுது." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அம்மாவையும் இப்ப ஆரோ ஒருத்தர் தங்கட விறாந்தையிலை படுக்க விட்டிருப்பினம். விட்டிருப்பினம்தானே அக்கா?"

"விட்டிருப்பாங்க. கண்டிப்பா விட்டிருப்பாங்க."

அவளைக் கட்டிக்கொண்டேன். உடம்பெல்லாம் பொருக்கோடு. அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். எனக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான்.

1 நவம்பர், புதன்

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

புனிதர் எல்லாருக்குமான திருநாள், இங்கே விடுமுறை. பிற்பகலில் எல்லாரும் கல்லறைக்குப் போகிறார்கள், பூவும் மெழுகுவர்த்தியும் வைக்க. கொறற்றி வீட்டிலும் கிளம்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியவில்லை. "காத்துப் பட்டால் உங்களுக்கும் நல்லது" என்று என்னையும் கூப்பிட்டார்கள். கொறற்றி தன் கம்பளிச் சால்வையால் என் தலையையும் முகத்தையும் சுற்றிவிட்டாள்.

பெரிய கல்லறைத் தோட்டம், காடு மாதிரி மரங்கள். ஒவ்வொரு கல்லறையிலும் சிவப்புக் கண்ணாடிக்குள் சுடர். நடுவில் ஓர் உயரமான கற்சிலுவை. அதன் அடியில் நிறையப் பேர் கூடி நின்றார்கள். போலந்துக்காரர்கள், போர்த்துகீசியர்கள், ஒரு கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக. தங்கள் ஆட்களை வேறெங்கோ புதைத்தவர்கள் அங்கேதான் ஏற்றுவார்களாம். ராசன் தன் அப்பாவுக்கு ஒன்று ஏற்றினார். கொறற்றி தன் அப்பாவுக்கு ஏற்றிவிட்டு, கையில் மிச்சமிருந்ததைப் பைக்குள்ளேயே போட்டாள். "அம்மாவுக்குக் கொளுத்த வேண்டி வரக் கூடாது, மாதாவே" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. லவினியாவைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்கள்.

நானும் மக்டலீனும் நின்றோம். அவள் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது உங்கட தம்பிக்கு."

வாங்கிக்கொண்டேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே இல்லை என்று தோன்றியது. "மக்டலீன், என் தம்பி எப்படி இறந்தான்னு நான் சரியா சொல்லலை. அவன்—"

"மன்னாரிலை. தெரியும்."

மெழுகுவர்த்தியோடு அப்படியே அவள் பக்கம் திரும்பினேன்.

"ரெண்டாம் நாள் காய்ச்சலிலை சொன்னனீங்கள். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, மன்னாருக்குப் போகாதைடா கதிரேசா, லீவு கேளுடா எண்டு அழுதனீங்கள். ஆமி உடுப்பு, லொறி, எல்லாம் சொன்னனீங்கள்."

ரெண்டாம் நாள்! அதற்குப் பிறகுதானே அவள் என் நகத்தை வெட்டியது, துணி மாற்றியது, எல்லாம்.

"தெரிஞ்சுமா... ஏன் ஒண்ணுமே கேக்கலை?"

அவள் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவம் வரேல்லை எண்டு சொல்ல மாட்டன். எழும்பி முன்னறையிலை போய் இருந்தனான். இந்த மனிசியை என்ர கட்டிலிலை கொண்டு வந்து போட்டிருக்கினமே எண்டு நினைச்சனான். பிறகு நீங்கள் தண்ணி கேட்டியள். தண்ணி கேக்கிற ஆளோடை என்னத்தைக் கோவிக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொருக்கு விட்ட முகத்தில் கண்ணீர் பட்டால் எரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "நீங்க பேனாட்டைத் தேடிப் போன ஏதாவது ஒரு வாசல்ல இவன் நின்னிருந்தா? உங்களை விரட்டியிருந்தா?"

"நிண்டிருக்கலாம். நிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." என் கையைப் பிடித்து மெழுகுவர்த்தியைத் தன் தீக்குச்சிப் பக்கம் இழுத்தாள். "காத்தடிக்குது. கொளுத்துங்கோ அக்கா."

அக்கா என்றாள்.

ஏற்றினேன். ஆறு வருடத்தில் கதிரேசனுக்காக நான் எங்கேயும் விளக்கு வைத்ததில்லை. வீட்டில் படம்கூட மாட்டவில்லை, அம்மா விடவில்லை. யாரும் இல்லாத ஓர் ஊரில், அவன் இறந்த மண்ணின் பெண் பக்கத்தில் நிற்க, சிலுவைக்கு அடியில் அவனுக்கு ஒரு சுடர். அவன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். சொல்ல முடிந்தது.

"பேனாட்டுக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கு நான் கொளுத்திறேல்லை. அவர் செத்தவர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

திரும்பும்போது என் கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள், குளிர் என்று.

2 நவம்பர், வியாழன்

இன்று காலை உணவின்போது ராசனிடமும் கொறற்றியிடமும் நானே சொன்னேன். கொறற்றி கையை வாயில் வைத்துக்கொண்டாள். ராசன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். பிறகு, "அம்மா இருக்கிறாவோ உங்களுக்கு?" என்றார். இருக்கிறாள் என்றேன். "பாவம் மனிசி" என்றார். அவ்வளவுதான். வேலைக்குப் போகும்போது கதவருகே நின்று, "எந்த வருசம்?" என்றார். சொன்னேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

4 நவம்பர், சனி – டார்ம்ஸ்டாட்

வந்து சேர்ந்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்தார்கள். கொறற்றி இடியப்பம் கட்டிக் கொடுத்திருந்தாள், வேலைக்குப் போகும் ரயில்வேக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சம்பல் வாசனை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது மக்டலீன் கோபித்துக்கொண்டாள். "உதெல்லாம் வெளி ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

இந்த அறை இத்தனை அமைதியாகவா இருந்தது முன்பு?

17 டிசம்பர், ஞாயிறு – டார்ம்ஸ்டாட்

டோர்ட்மண்டிலிருந்து தொலைபேசி! கொறற்றியின் அம்மா உயிரோடு இருக்கிறார்கள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். யோசப் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். வழியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இரண்டு நாள் கட்டில் கொடுத்து வைத்திருந்தார்களாம். கொறற்றி அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கட்டில் குடுத்தவையாம் அக்கா. கட்டில்!"

நானும் சேர்ந்து அழுதேன். வீட்டுக்காரக் குழந்தை பயந்து ஓடிவிட்டது.

7 ஜனவரி 1996, ஞாயிறு – கோவில்பட்டி

வந்து நாலு நாள். முகத்தில் இரண்டு வடு. "சொறிஞ்சியா?" என்றாள் அம்மா. மறைக்க மனமில்லை. யார் வீட்டில் இருந்தேன், யார் பார்த்துக்கொண்டார்கள், எந்த ஊர்க்காரர்கள், எல்லாம் சொன்னேன். விளக்கு ஏற்றியதையும் சொன்னேன்.

அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தாள். நான் தப்புச் செய்துவிட்டேனா?

8 ஜனவரி, திங்கள்

காலையில் காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள், "அந்தப் பொண்ணு, கல்யாணம் பேசினவன் வரலையே, அவ பேரு என்ன சொன்ன?"

"மக்டலீன்."

"வயசென்ன இருக்கும்?"

"முப்பது முப்பத்தொண்ணு இருக்கும்."

"ம்."

22 செப்டம்பர் 1996, ஞாயிறு

கொறற்றி பேசினாள். யோசப்பின் குடும்பமும் அவள் அம்மாவும் படகில் ராமேஸ்வரம் வந்து சேர்ந்துவிட்டார்கள். மண்டபம் முகாமில் இருக்கிறார்கள். "கிட்டவோ அக்கா உங்களுக்கு? ஒருக்கால் போய் முகம் பாத்திட்டுச் சொல்லுவியளோ?"

தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "முறுக்கு சுட்டுத் தரேன், கொண்டு போ" என்றாள். கொஞ்சம் கழித்து, "இல்ல, நானும் வாரேன்" என்றாள்.

13 அக்டோபர், ஞாயிறு

முகாமில் அனுமதி வாங்கி, கொறற்றியின் அம்மாவை மூன்று நாளைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன், கால் வைத்தியருக்குக் காட்ட. பெயர் றெஜினா. மெலிந்த உருவம், நல்ல குரல். டாக்டர் எழுதிக் கொடுத்த தைலத்தை அம்மாவே தேய்த்துவிடுகிறாள். அவர்கள் பேசுவது அம்மாவுக்குப் பாதி புரிவதில்லை. அம்மா பேசுவது அவர்களுக்கு. "என்னக்கா?" "என்னவாம்?" என்று இரண்டு பேரும் மாறி மாறி என்னைப் பார்க்கிறார்கள்.

இன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். றெஜினாம்மா, படகுக்காகப் பேசாலையில் ராசனின் உறவுக்காரர் வீட்டில் காத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்று மாறும்வரை பல நாள் இருந்தார்களாம். அம்மா அவர்கள் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது.

"அந்த மன்னார்ல ரோடெல்லாம் எப்படி இருக்கும்?"

றெஜினாம்மா என்னைப் பார்த்தார்கள். கொறற்றி எல்லாம் சொல்லியிருக்க வேண்டும்.

"றோட்டு நேரா இருக்கும் தங்கச்சி. ரெண்டு பக்கமும் வெளி. பனை நிறைய. இடைக்கிடை பெருக்க மரம் நிக்கும். நாலைஞ்சு பேர் சேந்து கட்டிப் பிடிச்சாலும் எட்டாது, அவ்வளவு பெருசு."

"நெழல் இருக்குமா?"

"ஓம். நல்ல நிழல். வழியிலை போறவை எல்லாம் அதுக்குக் கீழைதான் இருந்திட்டுப் போவினம்."

அம்மா மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "எம் பையனுக்கு வெயில் ஆகாது. சின்னதுல இருந்தே. மூக்குல ரத்தம் வந்துரும்."

"பேரென்ன பிள்ளைக்கு?"

"கதிரேசன்."

அந்தப் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டு ஏழு வருடம். பிறகு அவள் நிறுத்தவே இல்லை. அவன் பள்ளிக்கூடத்தில் சுவரேறிக் குதித்தது, சைக்கிள் பழகும்போது என்னை வாய்க்காலில் தள்ளியது, வேலை கிடைத்த அன்று ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தது. றெஜினாம்மா "ஓமோ? ஓமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலக் காபிக்கு நேரமாகிவிட்டது. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் எழுந்து நானே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.